கோணல் பிறக்கும் இடம்

தைத்து முடித்து, நூல் முனையை நறுக்கி, தரையில் விரித்த பிறகுதான் ஒட்டுத்துணிப் போர்வையின் குறை கண்ணில் படும். நடுவில் மேடு தட்டியிருக்கும். அல்லது ஓரம் அலை அலையாக எழும்பி நிற்கும், எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் படியாது. கடைசி வரிசையில் ஒரு கட்டத்தின் மூலை பக்கத்துக் கட்டத்தின் மூலையோடு சேராமல் ஒரு விரற்கடை தள்ளிப்போயிருக்கும். தைத்தவர் உடனே அந்தக் கடைசித் தையலைப் பிரிக்க உட்காருவார். பெரும்பாலும் அது வீண் உழைப்பு. கோணல் தெரியும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. கத்தரி முதல் தடவை துணியில் இறங்கியபோது அது பிறந்திருக்கலாம். அதற்கும் முன்னால், நெசவாளர் தறியில் பாவை இழுத்துக் கட்டியபோதே பிறந்திருக்கலாம்.

நயினார்கோவில் போன்ற ஊரில் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இராமநாதபுரம் கரிசலில் மார்கழியில்கூடப் பெரிய குளிர் கிடையாது. இங்கே இப்படித் தைப்பது போர்த்திக்கொள்வதைவிடக் கீழே விரித்துக்கொள்ளத்தான். பிறந்த குழந்தைக்கு அடியில் போட, சிமெண்டுத் தரையில் மதியம் கண்ணயர, வயதானவர்களின் கயிற்றுக் கட்டிலில் மடித்துப் போட. பழைய வேட்டியையும் சேலையையும் மூன்று நான்காக அடுக்கித் தைத்தது அடிப்பாகம். மேலே வண்ணத் துண்டுகள். துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. நாகநாதர் கோயிலை நம்பி இந்துக்களும் முஸ்லிம்களும் வந்துபோகும் இந்த ஊருக்குப் பக்கத்துப் பட்டணம் பரமக்குடி. வைகையின் மறு கரையில் எமனேசுவரம். இரண்டு ஊரிலும் சௌராஷ்டிர நெசவாளர்களின் பருத்திக் கைத்தறி. தெருவுக்கு ஒரு தையல் மெஷின், மெஷினுக்கு அடியில் ஒரு பிட்டுத் துணி மூட்டை.

அந்த மூட்டையைப் பிரித்தால் முதல் சிக்கல் கையில் வரும். நேர்ச் சதுரமான துண்டு அதில் ஒன்றுகூட இருக்காது. ஜாக்கெட் வெட்டியதில் கைக்குழியில் கழிந்த பிறைத்துண்டு, கழுத்தில் கழிந்த அரைவட்டம், பக்கவாட்டில் மிஞ்சிய நீள முக்கோணம். எந்தத் திசையில் வெட்டியது என்று பார்த்தவுடன் தெரியாத துண்டுகள். இந்தத் திசைதான் ஒட்டுத்தையலின் உயிர்நிலை.

துணியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இரண்டும் செங்கோணத்தில் பின்னியிருக்கின்றன. பாவு நூலைப் பிடித்து இழுத்தால் துணி ஏறக்குறைய அசையாது, நூலே நீள வேண்டியிருப்பதால். ஊடைப் பக்கம் இழுத்தால் சற்றே கொடுக்கும். மூலையிலிருந்து மூலைக்கு, நாற்பத்தைந்து பாகையில் இழுத்துப் பாருங்கள். எந்த நூலும் நீளவில்லை, ஆனால் துணி நீண்டுவிடும். பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களில் நூல்கள் திரும்பிக்கொள்கின்றன. குட்டிச் சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. நீளம் கூடிய அளவுக்கு அகலம் குறைகிறது. தையற்காரர்கள் இதைக் ‘கிராஸ்’ என்கிறார்கள். கிராஸ் கட்டிங் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி உட்காருவது இந்தக் குணத்தால்தான். 1920-களில் பாரிஸில் மேடலின் வியோனே என்ற தையற்கலைஞர் முழு உடையையும் குறுக்குவாக்கில் வெட்டிப் புகழ்பெற்றதும் இதே இயற்பியலைக் கொண்டுதான்.

ஜாக்கெட்டுக்கு வரமான இந்தக் குணம் போர்வைக்குச் சாபம். குறுக்கே வெட்டிய ஓரத்தை மெஷினில் தைக்கும்போது, பாதமும் பல்லும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். கைக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து நகர்த்தினால் இன்னும் நீளும். ஒட்டுத்துணியை இஸ்திரி போடும்போது பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது என்று பழகியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஒன்று உண்டு: வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுவது. இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த ஒரு சதுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முக்கோணங்களை வெட்டி வைத்துக்கொண்டு தைத்தால் நீளப் பக்கம் முழுக்கக் கிராஸ், கோணல் நிச்சயம். அதற்குப் பதில், நேர்வாக்கில் வெட்டிய இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட வேண்டும். பிறகு கோட்டில் வெட்டினால், வேண்டிய சதுரம் இரண்டு கிடைக்கும். குறுக்கு ஓரம் பிறக்கும்போதே தையல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நீள வழியில்லை. தைத்த பின் மூன்று அங்குலச் சதுரம் வேண்டுமானால் முதலில் மூன்றே முக்காலே அரைக்கால் அங்குலத்தில் வெட்ட வேண்டும். அந்த முக்காலே அரைக்காலுக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு நேர் ஓரங்களுக்குக் கால் கால் அங்குலம், ஆக அரை. குறுக்குத் தையலுக்கு விட்ட கால் அங்குலம் சாய்வாக இருப்பதால் சதுரத்தின் பக்கவாக்கில் அளந்தால் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகி 0.35 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து 0.85. இஞ்ச் டேப்பில் அதற்கு அடுத்து நிற்கும் கோடு எட்டில் ஏழு.

ஓரத்தில் முக்கோணங்கள் வரும் வடிவமானால் இன்னொரு நுட்பம் உண்டு. முக்கோணத்தின் நீளப் பக்கம் போர்வையின் வெளி ஓரமாக அமையுமானால், ஒரு பெரிய சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்காக்க வேண்டும். அப்போது நீளப் பக்கம் நூல்வாக்கில் நேராக இருக்கும், கிராஸ் உள்ளே போய்விடும். நான்கு மூலைகளுக்கான முக்கோணங்களுக்கு அப்படியே தலைகீழ்: சதுரத்தை ஒரே மூலைவிட்டத்தில் இரண்டாக்கினால் போதும், குட்டைப் பக்கங்கள் இரண்டும் நேர்நூலாக வெளியே நிற்கும். வடிவத்தில் இரண்டும் ஒரே செங்கோண முக்கோணந்தான். நூலின் திசையில் நேர் எதிர்.

இனி ஓரத்து அலைக்கு வருவோம். தட்டையான தரையில் நடுப்புள்ளியிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் ஓரத்துக்கு இவ்வளவு நீளந்தான் இருக்க முடியும் என்று ஒரு விதி இருக்கிறது. வட்டத்துக்கு அது ஆரத்தின் 2π மடங்கு. ஓரம் அதைவிட நீண்டுபோனால் மிச்சத்துக்குத் தரையில் இடமில்லை. மேலும் கீழுமாக அலையெடுக்கும். குறைந்துபோனால் நடு எழும்பிக் கிண்ணமாகும். வெயிலில் காயும் அப்பளம் ஓரம் முதலில் உலர்ந்து சுருங்குவதால் நடுவில் குழிந்துபோவதை நினைத்துக்கொள்ளலாம். முதல் வகையைக் கணிதத்தில் எதிர்வளைவு என்றும், இரண்டாவதை நேர்வளைவு என்றும் சொல்வார்கள். ஜெர்மானியக் கணிதமேதை காஸ் 1827-இல் நிறுவிய ஒரு தேற்றம் இங்கே நேராகப் பொருந்துகிறது. ஒரு பரப்பின் வளைவு அதன் மேலேயே அளக்கும் நீளங்களால் முற்றும் தீர்மானமாகிறது, அந்த நீளங்களை மாற்றாமல் அதை எப்படி மடக்கினாலும் சுருட்டினாலும் அந்த வளைவு போகாது என்பது அதன் சாரம். அலையெடுத்த ஓரம் இஸ்திரிக்கு மசியாததன் காரணம் இந்தத் தேற்றத்தில் இருக்கிறது. ஈரமிட்டு அழுத்தி நீளத்தையே குறைத்தால்தான் வழி உண்டு. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியர் மாணவர்களுக்கு இந்த எதிர்வளைவுப் பரப்பைக் கையில் கொடுக்க விரும்பியபோது, குரோஷா ஊசியெடுத்துப் பின்னித்தான் கொடுத்தார். வரிசைக்கு வரிசை கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனார். நம் வீட்டில் தெரியாமல் நடப்பதை அவர் தெரிந்து செய்தார்.

பெரும்பாலானோர் அலையை உண்டாக்குவது கரைத்துணி வைக்கும்போது. போர்வையின் ஓரத்தை அளந்து அதே நீளத்துக்குக் கரையை வெட்டுவார்கள், அல்லது வெட்டாமலே ஓரத்தோடு ஓட்டித் தைத்துவிட்டு மிச்சத்தை நறுக்குவார்கள். ஆனால் ஓரந்தான் கைபட்டுக் கைபட்டு ஏற்கனவே நீண்டுபோயிருக்கிறதே. அளக்க வேண்டியது நடுவை. நடுவில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, அந்த நீளத்துக்கே கரையை வெட்டி, குண்டூசியால் நடுவும் முனைகளும் சேர்த்து, நீண்டுபோன ஓரத்தைச் சிறுகச் சிறுக உள்ளே அடக்கித் தைத்தால் போர்வை படிந்துவிடும்.

இதே வளைவுக் கணக்கு ஒற்றைப் புள்ளியிலும் நடக்கும். எட்டு வைரத்துண்டுகள் ஒரு புள்ளியில் கூடும் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 45 பாகை, மொத்தம் 360. துண்டு வெட்டும் அளவு அட்டையில் ஒரு பாகை கூடிவிட்டால் எட்டுப் பாகை மிச்சம், நடு அலைக்கும். ஒரு பாகை குறைந்தால் எட்டுப் பாகை பற்றாக்குறை, நடு கூம்பும். அந்த இடத்தில் அழுத்தி அழுத்திப் பயனில்லை. அட்டையைத் திருத்த வேண்டும்.

360 பாகையை யார் நிரப்புவார்கள் என்ற கேள்வி கணிதத்தில் பெரிய கேள்வி. சமபக்க முக்கோணம் ஆறு கூடலாம், சதுரம் நான்கு, ஒழுங்கு அறுகோணம் மூன்று. ஒழுங்கு ஐங்கோணத்துக்கு மூலை 108 பாகை. மூன்று வைத்தால் 36 பாகை இடைவெளி, நான்காவதுக்கு இடமில்லை. ஆனால் ஒழுங்கில்லாத ஐங்கோணங்களில் சில இடைவெளியின்றி நிரப்பும். அவை எத்தனை வகை? 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ஒரு பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியதை அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி படித்தார். பள்ளிக்கூடக் கணக்கோடு நின்றவர். சமையலறை மேடையில் வரைவார், யாராவது வந்தால் மூடி வைத்துவிடுவார். தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டு, 1977 முடிவதற்குள் அதுவரை யாருக்கும் தெரியாத நான்கு வகைகளைக் கண்டுபிடித்தார். டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியர் சரிபார்த்து உலகுக்குச் சொன்னார். குவிந்த ஐங்கோணங்களில் மொத்தம் பதினைந்து வகைகளே உண்டு என்பதற்கான நிரூபணத்தை 2017-இல் மிக்கேல் ராவ் கணினியின் துணையோடு வெளியிட்டார். ரைஸ் மறைந்ததும் அதே ஆண்டில்.

அறுகோணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பரப்பளவுள்ள துண்டுகளாக ஒரு பெரிய தளத்தைப் பிரிக்கும்போது எல்லைக்கோட்டின் நீளம் மிகக் குறைவாக வருவது அறுகோணத்தில்தான். தேன்கூட்டைப் பார்த்து வெகுகாலம் ஊகித்து வந்த இதை 1999-இல் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தார். சதுரத்தோடு ஒப்பிட்டால் தையல் நீளத்தில் ஏழு விழுக்காடு மிச்சம். ஆனால் மெஷினில் தைப்பவருக்கு அந்த மிச்சம் கைக்கு வராது. சதுரங்களை வரிசையாகக் கோத்து நேராக ஓட்டிவிடலாம். அறுகோணத்தில் ஒவ்வொரு மூலையிலும் நின்று, ஊசியை இறக்கி, துணியைத் திருப்ப வேண்டும். நூலின் சிக்கனம் ஒன்று, நேரத்தின் சிக்கனம் வேறொன்று. அறுகோணம் கைத்தையலுக்கு உரியது.

கடைசி வரிசையில் மூலை சேராமல் போவது வேறு நோய். பன்னிரண்டு துண்டுகள் ஒரு வரிசையில் என்றால் பதினொரு தையல். கால் அங்குலம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், தையலின் இருபுறத் துண்டுகளிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் போகிறது. ஆக ஒரு தையலுக்கு இரண்டு, பதினொன்றுக்கு இருபத்திரண்டு. ஏறத்தாழ ஓர் அங்குலம்! கை நடுங்கி ஒரு தையல் கூட, ஒரு தையல் குறையப் போயிருந்தால் இவ்வளவு ஆகாது. முன்னுக்குப் பின் முரணான பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். அவை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத்தான் வளரும், ஆறேழு மில்லிமீட்டரோடு நிற்கும். ஒரே பக்கம் சாயும் பிழை எண்ணிக்கைக்கு நேராக வளரும். அதனால் ஒழுங்காக, ஒரே சீராகத் தப்புச் செய்யும் கைதான் அதிகம் கெடுக்கும். மெஷின் தட்டில் கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு, மூன்று சிறு துண்டுகளைத் தைத்து நடுத்துண்டை அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. மடிப்பில் துணி எடுத்துக்கொள்ளும் தடிப்புக்கும் சேர்த்து, கால் அங்குலத்துக்கு இழை அளவு குறைத்துப் பிடித்தால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னவை தைக்கும்போது தெரியவரும் குறைகள். முதல் சலவையில் வெளிவருபவை கொடியவை. தறியில் பாவு விறைப்பாக இழுபட்ட நிலையில்தான் நெய்யப்படுகிறது. கஞ்சி அந்த விறைப்பைக் காத்துவைக்கும். தண்ணீரில் போட்டதும் கஞ்சி கரைகிறது, பருத்தி இழை தண்ணீரை உறிஞ்சிப் பருக்கிறது. பருத்த ஊடையைச் சுற்றி வளைந்து போக ஒவ்வொரு பாவு நூலுக்கும் கூடுதல் நீளம் வேண்டும். அதைத் துணியின் நீளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. புதுக் கைத்தறித் துணி நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்குவது சாதாரணம். ஐந்தடி நீளத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம். மில் துணியில் இதைத் தடுக்க, துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்கிவிடும் முறையை அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூவெட் 1930 வாக்கில் கொண்டுவந்தார். பாலியஸ்டரோ தண்ணீரில் அசைந்துகொடுப்பதே இல்லை. மூன்றையும் ஒரே போர்வையில் கலந்து தைத்து ஒரு தரம் துவைத்துவிட்டால், பருத்தித் துண்டு தன் இடத்தில் இறுகும், பாலியஸ்டர் துண்டு உப்பிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்து வெக்கைக்குப் பாலியஸ்டரை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணக் காற்றில் உலர்ந்த பருத்தி தன் எடையில் எட்டரை விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வைக்காது. வேர்த்த முதுகுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், ஒட்டுத்தையலுக்குப் பழைய சேலையை எடுத்தது வறுமைக்காக மட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல நூறு சலவை கண்ட துணி சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்திருக்கும், விட வேண்டிய சாயத்தை விட்டிருக்கும், குழந்தையின் தோலுக்கு உறுத்தாத அளவு மெத்தென்று ஆகியிருக்கும். பலம் மட்டும் குறைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை மெலிந்த இடத்தைத் தவிர்த்துவிட்டால் போதும்.

புதுத் துணியின் சாயம் தனிக் கதை. மதராஸ் கட்டம்போட்ட துணி 1950-களின் இறுதியில் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையாகி, துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடி வாடிக்கையாளர்களை அலற வைத்தது. பிறகு சாயம் ஓடுவதையே அந்தத் துணியின் அழகாக விளம்பரம் செய்து விற்றார்கள். வெவ்வேறு கட்டத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மேல்கோட்டுகளும் அங்கே நாகரிகமாயின. மங்கிப்போகும் சட்டைக்கு அது சரிவரும். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு ஓடிய போர்வைக்கு விளம்பரம் உதவாது. கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் உறுதியாக இருக்கிறது. உப்புக்குச் சாயத் தொட்டியில் வேலை உண்டு: கரைந்திருக்கும் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளும். நூலோடு வேதிப்பிணைப்பை உண்டாக்குவது இப்போது பரவலாக உள்ள சாயங்களில் சலவைச் சோடா போன்ற காரம். நெய்து முடித்த துணியை உப்பில் ஊறவைத்தால், உப்புத் தண்ணீரில் இருக்கும் வரை ஒட்டாத சாயம் அடங்கியிருக்கும். அடுத்த நல்ல தண்ணீரில் மறுபடி ஓடும். தைக்கும் முன்பே ஒவ்வொரு புதுத் துண்டையும் தனியாகத் துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பதைவிட எளிய வழி இல்லை.

அடுக்குகளை ஒன்றாகப் பிடிக்கும் ஓட்டுத்தையலில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. நான்கு துணிகளைச் சும்மா அடுக்கினால் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும். விறைப்பு ஒற்றைத் துணியைப்போல் நான்கு மடங்கு. நான்கையும் பசையால் ஒட்டிவிட்டால் வழுக்க முடியாது. விறைப்பு தடிப்பின் முப்படியாக, அறுபத்து நான்கு மடங்காக ஏறும். ஓட்டுத்தையல் இந்த இரண்டுக்கும் நடுவில் நம்மை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தும். வரிகள் நெருங்க நெருங்கப் பலகை, விலக விலகச் சேலை. தையல்களுக்கு இடையில் சிறைப்படும் காற்றுதான் மெத்தென்ற சுகம். வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்தும் பொருள்களில் அசையாத காற்றும் ஒன்று.

மெஷினில் தைப்பவர்கள் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போவார்கள், தொய்வை வெளியே தள்ளிக்கொண்டே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் யெல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும் சித்திப் பெண்கள் இதற்கு நேர் எதிர். ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் அவர்கள். அவர்கள் தைக்கும் ‘கவந்தி’ ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிக் கைத்தையலில் நகரும். துண்டுகளை முன்கூட்டி அளப்பதில்லை. அடிச்சேலையின் மேல் வைத்து, ஓரத்தை மடித்து, முந்தைய துண்டின் மேல் சற்று ஏறும்படி தைத்துக்கொண்டே போகிறார்கள். மேலே நான் சொன்ன பாதி நோய்கள் அங்கே பிறக்கவே இடமில்லை. துண்டோடு துண்டைச் சேர்த்துவிட்டு அடிப்பாகத்தில் ஏற்றினால்தானே பிழை கூடிக்கொண்டு போகும்? ஒவ்வொரு துண்டும் அடித்துணியோடு நேரே பேசும்போது அதன் பிழை அதோடு முடிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே மிகச் சிறந்த வடிவமைப்புத் தீர்வு.

நிறத்திலும் குறை தெரியும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு. பாரிஸின் கோப்ளான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீலத்தோடும் ஊதாவோடும் நெய்த கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. பிற ஊர்க் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கோப்ளான் கறுப்பில் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்திலிருந்த நிறத்தால் வந்தது. கண் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது, ஒன்றின் எதிர்நிறத்தை மற்றதன்மேல் ஏற்றிவிடுகிறது. 1839-இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். ஒரு துண்டு ‘செத்து’த் தெரிந்தால், அதை மாற்றும் முன் அதன் அண்டை அயலை மாற்றிப் பார்ப்பது நல்லது. நிறத்தைவிட வெளிர்ப்பும் அடர்த்தியும்தான் வடிவத்தைக் காட்டும். துண்டுகளைத் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் எங்கே நட்சத்திரம் காணாமல் போகிறது என்பது தெரிந்துவிடும்.

பிட்டுத் துணி மூட்டையை நம்பித் தைப்பவருக்கு எப்போதும் வரும் சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. பத்து வரிசை வரை வந்த அந்தக் கத்தரிப்பூ நிறத் துணி கடைசி மூலைக்கு இரண்டு துண்டு போதாமல் தீர்ந்துவிடும். கடையில் கேட்டால் அந்தச் சாயம் இப்போது இல்லை என்பார்கள். கிட்டத்தட்ட அதே நிறத்தை அந்த மூலையில் மட்டும் வைத்தால், பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். முன்னே தைத்த வரிசைகளில் நான்கைந்து இடத்தில் கத்தரிப்பூ நிறத்தைப் பிரித்தெடுத்து, புதுத் துணியை அந்த இடங்களிலும் இட்டு, எடுத்த துண்டுகளில் இரண்டை மூலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நிறமும் போர்வை முழுக்கக் கலந்துவிடும். பிரிக்கும்போது தையல் மேல் கத்தரியை ஓட்டாமல், மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டி, மறுபக்கத்து நூலை ஒரே இழுப்பில் உருவிவிட்டால் ஓரம் நீளாது.